சயனைடு டிரம்மில் வெட்டிய தகடு

காருக்குள் உட்கார்ந்து காலை ஊன்றினால் செருப்பு மண்ணில் பட்டது. ஓட்டுநர் இருக்கைக்கு முன்னால் தரை என்று ஒன்று இல்லவே இல்லை. கோணியில் தார் பூசி ஒட்டி, அதன்மேல் பழைய கம்பளம் ஒன்றை விரித்து விற்றவர்கள் எங்கள் தலையில் கட்டியிருந்தார்கள். மாமா அதைப் பிய்த்த ஓட்டை வழியாகக் கையை விட்டு, அடியில் முளைத்திருந்த புல்லைப் பிடுங்கி என்னிடம் காட்டிச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இந்தக் காரைத்தான் வாங்க வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றவன் நான்.

மாமா என்றால் என் அக்காவின் கணவர். தங்கச் சுரங்கத்தில் அவருக்கு மரம் கட்டுகிற வேலை. பூமிக்கு அடியில் பாறை சரியாமலிருக்க மரங்களை அடுக்கி முட்டுக் கொடுப்பவர்களில் ஒருவர். தரைக்கு மேலே இருக்கும் நேரத்தில் டிங்கர் வேலையும் பார்ப்பார். நசுங்கிய மட்கார்டைத் தட்டி நிமிர்த்துவதில் எங்கள் ஊரின் பாலகாட் சுரங்கப் பக்கம் அவருக்கு நல்ல பேர். நான் மில்லில் ஸ்டோர் கிளார்க். கீழேயிருந்து வரும் கல்லை அரைத்துப் பொன் பிரிக்கிற இடம் அது. கல் எங்கிருந்து வருகிறது என்பதை ஒரு நாளும் நேரில் பார்க்காமல், வெள்ளைச் சட்டையும் காதில் பென்சிலுமாகத் திரிந்தவன். அப்போது எனக்கு இருபத்தாறு வயது. எனக்குத் தெரியாதது ஒன்றுமில்லை என்ற நினைப்பு வேறு.

அறுபதுகளின் நடுவில் நடந்தது இது. அதற்கு மூன்று வருடம் முன்பு கீழே பாறை வெடித்து மாமாவின் செட்டில் இரண்டு பேர் போய்விட்டார்கள். அன்று மாமா ஷிப்ட் மாற்றிக்கொண்டதால் பிழைத்தார். அதிலிருந்து அக்காவுக்குத் தூக்கம் போயிற்று. வீட்டுச் சுவர் லேசாக அதிர்ந்தாலும் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு வாசலுக்கு ஓடுவாள். சுரங்கத்து ஊரில் சுவர் அதிராத வாரம் ஏது? மாமாவை மேலே கொண்டுவந்துவிட வேண்டும் என்பது ஒன்றே அவளுடைய பேச்சு, வேண்டுதல், சண்டை எல்லாம்.

அதற்குத்தான் கார். தன் நாட்டுக்கே திரும்பிப்போன ஒரு வெள்ளைக்கார அதிகாரி விட்டுப்போன பழைய இங்கிலீஷ் கார். பல வருடம் பங்களா ஷெட்டில் கிடந்தது. ராபர்ட்சன்பேட்டையிலிருந்து பங்காருபேட்டை ஸ்டேஷனுக்கு அதை வாடகைக்கு ஓட்டுவது, ஓட ஆரம்பித்ததும் மாமா சுரங்க வேலையை விடுவது என்று முடிவாகியிருந்தது. இன்ஜின் நன்றாகத்தான் இருந்தது. பிரேக் இன்ஸ்பெக்டர் பார்த்து, வண்டி ஓடத் தகுதியானது என்று எப்.சி. கொடுக்க வேண்டும், அவ்வளவுதான் பாக்கி. அவர் மூன்று மாதத்துக்கு ஒருமுறைதான் எங்கள் ஊருக்கு வருவார். பிரேக்கைப் பார்ப்பதற்கு முன்னால் கையில் ஸ்க்ரூடிரைவரை வைத்துக்கொண்டு காரின் அடியில் குத்திப் பார்ப்பவர் என்று அவருக்குப் பேர். எங்கேயாவது பொத்துக்கொண்டால் அப்படியே நடையைக் கட்டிவிடுவாராம். அவர் வர இன்னும் பத்து நாள் இருந்தது.

எங்கள் ஊர்க் காற்றில் சயனைடு மேட்டு மணல் பறக்கும். பொன் எடுத்தபின் மில் கொட்டிய சாம்பல் நிற மணல், குன்று குன்றாக நிற்கும். அந்த மணல் கதவுக்குக் கீழே ஓடுகிற விளிம்புப் பெட்டிக்குள் புகுந்து, மழையில் நனைந்து, இரும்பை உள்ளிருந்தே தின்றுவிடும். வெளியே பெயிண்ட் மினுமினுக்கும். மாமா ஸ்க்ரூடிரைவரின் பிடியால் காரைச் சுற்றித் தட்டிக்கொண்டே வந்தார். நல்ல இடம் 'டங்' என்றது. கெட்ட இடம் அட்டைப் பெட்டியைத் தட்டியதுபோல் மொத்தென்றது. மொத்தென்ற இடத்தில் எல்லாம் சாக்பீஸால் வட்டம் போட்டார். முடித்துவிட்டுத் தள்ளி நின்று பார்த்தபோது காருக்கு அம்மை போட்டதுபோல் இருந்தது.

"இன்னா மச்சான், இத்தினி தகட்டுக்கு எங்க போறது?" என்றார்.

போக மூன்று வழிகள் இருந்தன. பெங்களூரில் பழைய கார்களை அறுத்து விற்கும் சந்தையில் இதே மாதிரிக் காரின் தரையும் விளிம்பும் முழுசாகக் கிடைக்கும். சொல்லி வைத்தால் மூன்று வாரம். அதுதான் சரியான தகடு. வளைவும் மடிப்பும் தொழிற்சாலையில் வைத்தபடியே இருக்கும், அறுத்து எடுத்து வைத்துப் பொருத்தினால் போதும். மாமாவுக்கு அதில்தான் ஆசை. "மூணு வாரம் ஆனா இன்ஸ்பெக்டரு போயிடுவாரே மாமா" என்றேன். அக்கா அடுப்படியிலிருந்து, "இன்னும் மூணு மாசம் என்னால முடியாது" என்றாள். பெங்களூர் அத்தோடு போயிற்று.

அடுத்தது சுரங்கத்தில் காற்றுக் குழாய்க்கு அடிக்கிற துத்தநாகப் பூச்சுத் தகடு. கீழே பழைய குழாய்கள் துண்டு துண்டாகக் கிடக்கும். ஆனால் கேட்டில் ஆளையே தடவிப் பார்த்து விடுகிற ஊரில் தகட்டை எப்படி வெளியே கொண்டுவருவது? மேலும் அது மெல்லியது. மாமா ஒரு விரலை நீட்டிக் காட்டி, "இத்த இன்ஸ்பெக்டரு விரலாலயே குத்திடுவாரு" என்றார்.

மூன்றாவது என் கையில் இருந்தது. மில்லுக்கு சயனைடு இரும்பு டிரம்களில் வரும். நல்ல கனமான தகடு. காலியானதும் டிரம்மைத் தொட்டியில் போட்டு ஊறவைத்து, மூன்று தண்ணீர் அலசி, கடைசியில் ஓர் ஆள் அதன் அடித்தட்டில் கடப்பாறையால் ஒரு குத்துக் குத்துவான். அந்த ஓட்டைதான் அடையாளம். ஓட்டை இருந்தால் கழுவியது, இல்லையென்றால் தொடாதே. கழுவிய டிரம்மைக் கேட்டில் யாரும் தடுக்கமாட்டார்கள், வெளியே போகும். தொழிலாளர் லைன் வீடுகளில் குளிக்கிற மறைப்பு, கோழிக் கூண்டு, கூரைக்கு ஒட்டு என்று பாதி ஊர் அந்தத் தகட்டில்தான் நின்றது. வெளியூர்க்காரர்கள் சயனைடு என்ற பேரைக் கேட்டதும் இரண்டடி பின்வாங்குவார்கள். நாங்கள் அந்த டிரம்மில் துணி ஊறவைத்தவர்கள். எங்களுக்கு என்ன பயம்?

"நான் எடுத்துனு வரேன் மாமா. நல்லதா பாத்து எடுக்கறேன்" என்றேன்.

பார்த்துத்தான் எடுத்தேன். அதுதான் இன்றைக்கும் ஆறாமல் இருக்கிறது. கொட்டகைக்குப் பின்னால் அடுக்கியிருந்த டிரம்களைச் சாப்பாட்டு நேரம் முழுக்கத் தட்டித் தட்டிப் பார்த்தேன், சந்தையில் தேங்காய் தட்டிப் பார்க்கிறவன் மாதிரி. எல்லாம் நசுங்கல். தொட்டியிலிருந்து தூக்கி எறிந்ததில் ஒவ்வொன்றும் ஒரு பக்கம் சப்பையாகியிருந்தது. கடைசியாக வேலி ஓரத்தில் தனியாக ஒன்று நின்றது. நசுங்கலே இல்லை, வயிறு வழவழவென்று இருந்தது. இதை விரித்தால் ஒரே தகட்டில் ஓட்டுநர் பக்கத் தரையே முடிந்துவிடும் என்று கணக்குப் போட்டேன். சாய்த்துப் பார்த்தேன். அடித்தட்டில் ஓட்டை தெரிந்தது. எனக்கு அது போதும். ஸ்டோர் சீட்டில்கூட எழுதாமல் தெரிந்த வண்டிக்காரனிடம் ஏற்றிவிட்டேன்.

எறிந்த டிரம் நசுங்கும், எறியாத டிரம் நசுங்காது. எறியவில்லை என்றால் அது தொட்டிக்கே போகவில்லை. இதை யோசிக்க ஒரு கிளார்க்குக்குப் பெரிய படிப்பு வேண்டாம். நான் யோசிக்கவில்லை.

சனிக்கிழமை வீட்டுக் குழாயடியில் தூசி போக இரண்டு வாளித் தண்ணீர் ஊற்றி உருட்டினேன். மாமா உளியால் மேல்தட்டையும் அடித்தட்டையும் வெட்டி எறிந்துவிட்டு, வயிற்றைப் பிளந்து, கல்மேல் வைத்து மரச் சுத்தியால் தட்டி விரித்தார். சத்தம் நன்றாக இருந்தது. அட்டையில் வெட்டி வைத்திருந்த மாதிரியை அதன்மேல் வைத்துக் கோடு போட்டார். டிரம்மின் மடிப்புத் தையல் ஒரு ஓரத்தில் நீளமாக ஓடியது. அதை வெட்டிவிடலாமா என்று கேட்டேன்.

"வேணா. அது இருந்தாதான் விளிம்புக்குப் பலம்" என்று மாமா மடிப்பைத் தடவிப் பார்த்தார். மடிப்பின் இடுக்கில் சுண்ணாம்பு மாதிரி ஏதோ வெள்ளையாக இருந்தது. நகத்தால் சுரண்டப் பார்த்தார். வரவில்லை. "ஆசிட் போட்டா போயிடும்" என்றார்.

நல்ல தகடு என்று மாமா இரண்டு முறை சொன்னார். எனக்கு மார்பு நிமிர்ந்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை காலை ரிவெட் அடித்து முடித்தோம். இனி ஓரங்களில் ஈயம் பூச வேண்டும். ஈயம் பிடிக்க முதலில் அந்த இடத்தை ஆசிட்டால் துடைக்க வேண்டும். காற்று அடித்து மணலைக் கொண்டுவந்து கொட்டியதால் மாமா ஒரு பக்கக் கதவுகளைச் சாத்திவிட்டு, மறுபக்கத்தில் கோணியைத் தொங்கவிட்டு, காருக்குள் குப்புறப் படுத்தார். தலை பெடல்களுக்குக் கீழே. நான் வெளியே, காரின் அடியில் கிடந்து தகடு அசையாமல் மரக்கட்டையை முட்டுக் கொடுத்துப் பிடித்திருந்தேன். மேலே ஆசிட் சுர்ரென்று பொங்குகிற சத்தம் கேட்டது.

"தல சுத்துது மச்சான்" என்றார் மாமா.

"காலைலேந்து சாப்பிடல இல்ல, அதான்" என்றேன். இன்னும் கொஞ்சம்தான், முடித்துவிட்டு எழுந்திருங்கள் என்றும் சொன்னேன். சொன்னேன் என்பதை மறைக்க விருப்பமில்லை.

அப்போது அக்கா டீ எடுத்துக்கொண்டு வந்தாள். காரிலிருந்து நாலடி தள்ளியே நின்றுவிட்டாள். அவளுடைய கால்கள் மட்டும் எனக்குத் தெரிந்தன.

"இன்னாடா இது, ஒரு மாதிரி கசப்பா வாசன வருது?"

"ஆசிட்டுக்கா."

"ஆசிட்டு எனக்குத் தெரியாதா? இது வேற. தொண்டையில கசக்குது."

எனக்கு எந்த வாசனையும் வரவில்லை. மில்லில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம் ஒன்று உண்டு. சயனைடு வாசனை சில பேர் மூக்குக்கு எட்டும், சில பேருக்கு எட்டவே எட்டாது. எனக்கு எட்டாது என்று சேர்ந்த வாரமே சொல்லிச் சிரித்திருக்கிறார்கள். தொட்டி இருக்கும் பக்கம் என்னைத் தனியாக விடமாட்டார்கள். கட்டையைப் பிடித்தபடி கிடந்த எனக்கு, அக்காவுக்கு வந்த வாசனையும் எனக்கு அது வராததும் அப்போதுதான் ஒன்றாகச் சேர்ந்தன. மடிப்பில் இருந்த வெள்ளை சுண்ணாம்பு அல்ல. சயனைடின்மேல் ஆசிட் பட்டால் என்ன கிளம்பும் என்பது எங்கள் மில்லில் கூட்டுகிறவனுக்கும் தெரியும்.

"மாமா" என்று கத்தினேன். பதில் இல்லை. மேலே ஆசிட் மட்டும் பொங்கிக்கொண்டிருந்தது.

எப்படி வெளியே வந்தேன் என்று நினைவில்லை. முழங்கை இரண்டிலும் தோல் உரிந்திருந்தது பிறகுதான் தெரிந்தது. கோணியைப் பிய்த்தெறிந்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு, மாமாவின் இரண்டு கால்களையும் பற்றி இழுத்தேன். தலை இடித்தது. இழுத்தேன். அக்கா டம்ளரைப் போட்டுவிட்டு ஓடிவந்தாள். "கிட்ட வராத" என்று அவளைத் தள்ளினேன். அவரைக் காற்று வருகிற பக்கமாக வெட்ட வெளிக்குக் கொண்டுபோய்ப் போட்டேன். முகம் சிவந்திருந்தது. மூச்சை இழுத்தார், நிறுத்தினார், பிறகு வெகுநேரம் கழித்து இன்னொன்றை இழுத்தார். அந்த இடைவெளியில் அக்கா என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அடுத்த மூச்சு வருமா என்பது எனக்குத் தெரியும் என்று நினைத்தாள்போலும்.

ஜட்கா வண்டியில் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். டாக்டர் இமையை விலக்கிப் பார்த்தபடி என்னிடம் இங்கிலீஷில் கேட்டார், எதை முகர்ந்தார் என்று.

"ஆசிட் சார்" என்றேன்.

பொய் இல்லை. ஆனால் டிரம் என்று சொன்னால் எந்த டிரம், யார் கொடுத்தது, சீட்டு எங்கே என்று கேள்விகள் வரும். என் வேலை போகும். அப்படி ஒரு கணக்கு, மாமா மூச்சுக்குத் தவித்துக்கொண்டிருக்கையில் என் மண்டைக்குள் ஓடியது. டாக்டர் நர்ஸிடம் ஏதோ மருந்து சொல்லத் திரும்பினார். ஆசிட்டுக்கான மருந்து. மாமா மூச்சை நிறுத்தினார். நான் மனசுக்குள் எண்ண ஆரம்பித்தேன். நான்கு வரை எண்ணினேன்.

"சயனைடு டிரம்மோட தகடு சார். அதுமேல ஆசிட்."

டாக்டர் என்னைப் பார்த்த பார்வையை விவரிக்கப் போவதில்லை. ஓடிப்போய் அலமாரியைத் திறந்து, சின்னக் கண்ணாடிக் குப்பி ஒன்றைப் பஞ்சுக்குள் வைத்து நசுக்கி மாமாவின் மூக்கில் வைத்தார். பிறகு ஊசி. மதியம் இரண்டு மணிக்கு மாமா கண்ணைத் திறந்து, "தகடு காஞ்சிடுச்சா?" என்று கேட்டார். நான் வராந்தாவுக்குப் போய்ச் சுவரைப் பார்த்து நின்று அழுதேன்.

டாக்டர் கேஸ் ஷீட்டில் உள்ளதை எழுதினார். ஆபீசில் என்னை விசாரித்து எச்சரித்து விட்டார்கள். வேலை போகவில்லை. நாலு நாளில் மாமா வீட்டுக்கு வந்தார். புதன்கிழமை பிரேக் இன்ஸ்பெக்டர் வந்தார், போனார். அக்காவுக்கு நடந்தது ஆசிட் புகையால் என்றுதான் தெரியும். டாக்டரிடம் நான் பேசியபோது அவளை வெளியே நிறுத்தியிருந்தார்கள், பிறகு நானும் சொல்லவில்லை.

வேலி ஓரத்தில் நான் சாய்த்துப் பார்த்தது ஓட்டையைத்தானே, கழுவிய டிரம்தானே என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டிருந்தேன். அலசிய ஆள் சரியாக அலசவில்லை என்று அவன்மேல் பழியைப் போடவும் தயாராக இருந்தேன். பிறகு ஒரு சாயங்காலம் குப்பை மேட்டில், மாமா வெட்டி எறிந்த அடித்தட்டு கண்ணில் பட்டது. கையில் எடுத்துப் பார்த்தேன். கடப்பாறை குத்திய ஓட்டையின் ஓரம் உள்பக்கமாகக் கூராக மடங்கியிருக்கும். இதன் ஓரம் பிஸ்கட் மாதிரி என் விரலில் உதிர்ந்தது. ஈரத் தரையில் நின்று நின்று துரு தின்ற ஓட்டை. துருவுக்கு ஒட்டுப் போடத் தகடு தேடிப் போனவன், துருவைப் பார்த்துத் துரு என்று சொல்லத் தெரியாமல் வந்திருக்கிறேன்.

அப்படியே வாயை மூடிக்கொண்டு இருந்திருப்பேன். அக்காதான் இருக்கவிடவில்லை. பார்க்க வருகிறவர்களிடமெல்லாம், "எல்லாம் என்னாலதான். நான் அவசரப்படுத்தாம இருந்திருந்தா பெங்களூர்லேந்தே வர வெச்சிருப்பாரு" என்று சொல்லிச் சொல்லி அழுதாள். ராத்திரியில் சாப்பிடுவதில்லை என்று மாமா சொன்னார். அந்தச் சனிக்கிழமை அவள் முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருக்கும்போது அவள் எதிரில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். டிரம், ஓட்டை, மடிப்பிலிருந்த வெள்ளை, டாக்டரிடம் முதலில் ஆசிட் என்று சொன்னது வரைக்கும். மாமா கட்டிலில் சாய்ந்து கேட்டுக்கொண்டிருந்தார்.

முறம் நின்றது.

"பாத்து எடுத்துனு வரேன்னு சொன்னியே?"

"பாத்தேன்க்கா. குனிஞ்சி பாக்கல."

"டாக்டராண்ட எத்தினி நேரம் சொல்லாம இருந்த?"

"கொஞ்ச நேரம்தான்."

"அவரு மூச்சு நின்னு நின்னு வந்துச்சே, அப்பவா?"

நான் தலையை ஆட்டினேன். திட்டுவாள், முறத்தால் அடிப்பாள் என்று காத்திருந்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் மறுபடி புடைக்க ஆரம்பித்தாள். மாமாதான், "வுடு, தெரியாம நடந்துச்சு. பெங்களூர்ல சொல்லி வெச்சிக்கலாம், அடுத்த தபா காட்டிக்கலாம்" என்றார்.

திங்கட்கிழமை விடிந்ததும் அவர்கள் வீட்டுக்குப் போனேன். மாமா சட்டை மாட்டி, சுரங்கத் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருந்தார். முதல் ஷிப்ட். இன்னும் ஒரு வாரம் லீவு இருந்தது. மூன்று வருடமாக அந்த வாசலில் நின்று போகாதீர்கள் என்று மன்றாடிய அக்கா, சாப்பாட்டுக் கேரியரைக் கட்டி அவர் கையில் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, இன்னும் மூணு வாரம்தான். பெங்களூர்த் தகடு வந்துடும். நானே நேர்ல போய்ப் பாத்து எடுத்துனு..." என்று ஆரம்பித்தேன்.

"நீ பாத்து எடுத்துனு வருவ" என்றாள். குரலில் கோபம் இல்லை. "கீழ கல்லு உயுந்தா அது கல்லு. யாரு மேலயும் எனக்கு வருத்தம் இருக்காது. அவரு அங்கயே போவட்டும்."

மாமா என்னைப் பார்த்து ஏதோ சொல்ல வந்தார். சுரங்க வாயிலில் ஷிப்டுக்கான சங்கு ஊதிவிட்டது. என் தோளில் ஒரு தட்டு தட்டிவிட்டு இறங்கி நடந்தார். அதன்பின் அவர் பதினொரு வருடம் கீழே போய் வந்தார். கார் அந்தத் தகட்டோடு ஒரு பழைய இரும்புக் கடைக்குப் போயிற்று. அன்றைக்கு அவர் லைன் முனை திரும்பும்வரை அக்கா நின்று பார்த்தாள். பிறகு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். நான் வெளியே நின்றிருந்தேன்.